‘லாங் ரேஞ்ச்’ ரைஃபிள் வேணுமா? முதல்ல பெல்லட் கணக்கைப் போடுங்க!

“எவ்வளவு தூரம் போகும்?” ஏர் ரைஃபிள் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். விழுப்புரமோ திண்டிவனமோ, பிள்ளையைத் துப்பாக்கி சுடுதலில் சேர்க்க நினைக்கிற பெற்றோருக்குக் காசை வீணாக்கும் கேள்வியும் இதுவே.

பக்கத்து மாவட்டமான கடலூரில் 1999-ல் பிறந்தவர் இளவேனில் வாலறிவன். 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்குக்குப் போனார். அவர் சுடும் தூரம் வெறும் 10 மீட்டர்! ஆனால், இலக்கில் 10 புள்ளிக்கான பொட்டு அரை மில்லிமீட்டர்தான். இங்கே தூரம் பெரிசில்லை, துல்லியம்தான் எல்லாம்.

அதற்காக 50 மீட்டர் போட்டி இல்லாமல் இல்லை. பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது அதில்தான். ஆனால், அதற்கான .22 ரைஃபிள் முறையான துப்பாக்கி. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஏர் ரைஃபிளுக்கு 2016 விதிகளில் சலுகை உண்டு: குழல் 4.5 மி.மீ., வேகத்திறன் 20 ஜூல், இவற்றைத் தாண்டாவிட்டால் உரிமம் தேவையில்லை. ‘பவர் ஜாஸ்தி’ என்று விற்கப்படுவது இந்த வரம்பைத் தாண்டினால் சிக்கல் வாங்கியவருக்குத்தான். 10 மீட்டர் போட்டி ரைஃபிளுக்கு எட்டு ஜூல்கூடத் தேவைப்படாது. (கழுவெளிப் பக்கம் போய்க் கொக்கு, நாரை சுடலாம் என்ற எண்ணம் இருந்தால், அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கழுவெளி 2021 முதல் பறவைகள் சரணாலயம்.)

சரி, பட்ஜெட்டுக்கு வருவோம். கையில் இருக்கும் தொகையில் பாதிக்கு மேல் ரைஃபிளுக்கே போனால் அந்த ரைஃபிள் பீரோவில்தான் தூங்கும். கணக்கு எளிது. நாளைக்கு 100 பெல்லட், மாதம் 25 நாள் என்றால் 2,500. டின்னுக்கு 500 வீதம் மாதம் ஐந்து டின், வருஷத்துக்கு 60 டின். இந்தச் செலவு நிற்கவே நிற்காது. அடுத்து ஜாக்கெட், பேன்ட், ஷூ, கையுறை. வளரும் பிள்ளைக்கு இதையெல்லாம் புதிதாக வாங்குவது தண்டச் செலவு. சீனியர்களிடம் பழசாகக் கிடைக்கும்.

ரைஃபிளையே பழசாக வாங்கலாமா? தாராளமாக. ஜெர்மன் ரைஃபிள்கள் புதிதாக என்றால் லட்சங்களில் விலை. இந்தியத் தயாரிப்புகள் அதைவிட மலிவு. பழசு வாங்கும்போது பளபளப்பைப் பார்க்க வேண்டாம், காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். பொதுவாக அதன் ஆயுள் பத்து ஆண்டு. காலாவதியான சிலிண்டரோடு போட்டிக்குப் போனால் மறுக்கப்படலாம். சுமார் 200 பார் அழுத்தக் காற்றைக் கன்னத்தோரம் வைத்துச் சுடும் விஷயம் இது, விளையாட்டில்லை.

அதைவிட நல்ல வழி, முதல் மூன்று மாதம் எதையும் வாங்காமல் இருப்பது. கிளப் ரைஃபிளிலேயே பழகலாம். திண்டிவனத்திலிருந்து சென்னை 120 கிலோமீட்டருக்கு மேல். பிள்ளையோடு துணைக்கு ஒருவர் என்று வாராவாரம் போய்வரும் செலவையும் நோட்டில் எழுத வேண்டும். பல வீடுகளில் கனவு கலைவது துப்பாக்கி விலையில் அல்ல, இந்தப் பயணக் கணக்கில்தான். இளவேனிலே வளர்ந்ததும் பயிற்சி எடுத்ததும் குஜராத்தில். மாவட்ட விளையாட்டு மைதானங்களில் நாலு ரைஃபிளைப் பொதுவில் வைத்து, ஒரு பயிற்சியாளரையும் போட்டால், அரசுக்கு அது பெரிய செலவில்லை. 10 மீட்டர் கூடம்தானே, ஒரு கல்யாண மண்டபச் சாப்பாட்டு ஹாலில் அடங்கிவிடும்.