பிரிக் லேன் தெருவும் எம்மவரின் மறதியும்



இலண்டனில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கையில், அண்மைக் காலமாக அடிக்கடி காதில் விழுகின்ற வாசகம் ஒன்று உண்டு. "வள்ளத்தில் வருகிறவர்களால்தான் இந்த நாடு கெட்டுப்போகிறது." கிழக்கு இலண்டனைப் பற்றிப் பேச்செழுந்தால், "அது வங்காளிகளின் இடம், அங்கே எங்களுக்கு என்ன வேலை?" என்பார்கள். இவ்வாறு பேசுவோரில் பலர் 1980களிலும் 1990களிலும் முகவருக்குப் பணம் கட்டி, கிடைத்த கடவுச்சீட்டில் வந்திறங்கித் தஞ்சம் கோரியவர்கள். இந்த மறதியைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எமக்கு வேலையில்லை என்று ஒதுக்கப்படும் அந்த இடத்திலே, பிரிக் லேனும் பூர்னியே வீதியும் சந்திக்கும் மூலையில் ஒரு செங்கற் கட்டடம் நிற்கிறது. அதன் சுவரில் உயரே ஒரு சூரியக் கடிகாரம். அதில் 1743 என்ற ஆண்டு. கட்டியவர்கள் பிரான்சிலிருந்து ஓடிவந்த ஹியூகனோ எனப்படும் புரட்டஸ்தாந்தர்கள். 1685இல் பிரெஞ்சு மன்னன் அவர்களது வழிபாட்டு உரிமையைப் பறித்தபோது, பட்டுத் தறியை நம்பி ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதியில் குடியேறியவர்கள். அகதி என்பதற்கான ஆங்கிலச் சொல்லே அவர்களோடுதான் அம்மொழிக்குள் வந்தது. அவர்களது தேவாலயம் 19ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்த சபையினரிடம் சென்றது. 1898இல், ரஷ்யப் பேரரசின் கொடுமைகளுக்குத் தப்பிவந்த யூதர்களின் தொழுகைக்கூடமாயிற்று. 1976இல் சில்ஹெட் பகுதியிலிருந்து வந்த வங்காளிகளின் பள்ளிவாசலாயிற்று. சுவர்கள் அதே சுவர்கள். உள்ளே ஒலித்த மொழிதான் மாறியது.

வந்தவர்களைப் பற்றிச் சொல்லப்பட்டவையோ மாறவேயில்லை. கூலியைக் குறைக்கிறார்கள், ஒரே அறையில் பத்துப் பேர் கிடக்கிறார்கள், அவர்களது சமையல் நாறுகிறது என்ற வசைகள் நெசவாளரையும், யூதத் தையற்காரரையும், வங்காளித் தொழிலாளரையும் ஒருவர் பின் ஒருவராகத் தாக்கின. 1901இல் 'பிரித்தானியச் சகோதரர் கழகம்' என்ற அமைப்பு கிழக்கு இலண்டனில் யூத வருகைக்கு எதிராகக் கூட்டங்கள் கூட்டியது. விளைவு, 1905ஆம் ஆண்டின் அந்நியர் சட்டம். அந்த வழியிலேதான் 1987இல் எம் முன்னாலும் கதவு மூடப்பட்டது. அவ்வாண்டு பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழ் அகதிகள் தம் உடைகளைக் களைந்து எதிர்த்து நின்றனர். உரிய ஆவணமின்றிப் பயணிகளை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்குத் தண்டம் விதிக்கும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. எம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறோம்?

"நாங்கள் உழைத்து முன்னேறியவர்கள், வரி கட்டுகிறோம், அவர்களோடு எங்களைச் சேர்க்கவேண்டாம்" என்று சிலர் வாதிடுவர். உழைக்காதவர் யார்? அல்தாப் அலி என்ற இளைஞரும் ஆடைத் தொழிலாளிதான். 1978 மே 4ஆம் நாள் மாலை, வேலை முடிந்து வீடு திரும்புகையில் வைட்சப்பலில் இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டார். பத்து நாட்களின் பின் ஆயிரக்கணக்கானோர் அவரது சவப்பெட்டியின் பின்னே டவுனிங் வீதி வரை நடந்தனர். ஞாயிறுதோறும் பிரிக் லேன் முனையில் தேசிய முன்னணியினர் தம் பத்திரிகையை விற்றுவந்த இடத்தில் வங்காளி இளைஞர்கள் சென்று அமர்ந்து, அதை மீட்டெடுத்தனர். நாங்கள் இரவுப் பணி முடித்துப் பேருந்தில் ஓரளவேனும் அச்சமின்றி வீடு திரும்பியதில் அந்த இளைஞர்களுக்கும் பங்குண்டு.

2024 ஓகஸ்டில் ரொதரமில் தஞ்சம் கோருவோர் தங்கியிருந்த விடுதிக்குத் தீ வைக்க முயன்ற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். தோலின் நிறத்தைக் கண்டு கல்லெறிபவன், நீர் எந்த ஆண்டு குடியுரிமை பெற்றீர் என்று கேட்டுவிட்டா எறிவான்?

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். ஆண்டுதோறும் பெப்ரவரி 21இல் எம் தமிழ்ப் பள்ளிகளில் உலகத் தாய்மொழி நாள் கொண்டாடுகிறோம். சின்னஞ்சிறார் மேடையேறிப் பேசுகிறார்கள். அந்த நாள் எவருடையது? வங்க மொழிக்கு உரிமை கேட்டு 1952இல் டாக்காவில் சுடப்பட்டு வீழ்ந்த மாணவர்களுடையது. 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தால் மொழியுரிமை பறிக்கப்பட்ட நாம், அவர்களது நாளை எடுத்துக்கொண்டு அவர்களைத் தள்ளிவைப்பது எந்த வகை நியாயம்?

இந்தத் தெரு குறையற்றது என்று நான் சொல்லவரவில்லை. கறி உணவகங்களின் வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைப்பவர்களின் தொல்லை எனக்கும் தெரியும். இப்போது வாடகை ஏறி, அந்த உணவகங்களே ஒவ்வொன்றாக மறைகின்றன. பழைய மதுவடிசாலை வளாகத்தில் கடைத்தொகுதியும் அலுவலகங்களும் எழுப்பும் திட்டத்தை 2021இல் அப்பகுதி மக்கள் எதிர்த்துப் போராடினர். காலந்தாழ்த்தினால் காட்டுவதற்கு அங்கே அதிகம் எஞ்சியிராது.

ஆகவே தமிழ்ப் பள்ளி நிருவாகிகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றுலாவைக் கேளிக்கைப் பூங்காவுக்கு ஒழுங்கு செய்யாதீர்கள். ஓல்ட்கேட் ஈஸ்ட் நிலையத்தில் இறங்குங்கள். சில நிமிட நடையில், 1998இல் அல்தாப் அலியின் பெயர் சூட்டப்பட்ட பூங்கா வரும். அதனுள்ளே வெண்ணிறத் தூண்களோடு, டாக்காவின் மொழிப்போர் நினைவுச்சின்னத்தைப் போன்று சிறிய அளவில் அமைத்த சின்னம் நிற்கிறது. பிள்ளைகளை அதன் முன் நிறுத்தி, நீங்கள் இந்நாட்டுக்கு எவ்வாறு வந்தீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். பின்னர் பிரிக் லேன் வழியே நடந்து, அந்தச் சூரியக் கடிகாரத்தைக் காட்டுங்கள்.