பென் டிரைவ் பாட்டு போதும்!



ஆண்டு விழா என்றால் நம்ம பள்ளியில் என்ன நடக்கிறது? பென் டிரைவில் இசையை ஓட விட்டு, அதற்கு மேல் பாடுகிறோம். சுருதி உயர்ந்திருந்தால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். குரல் உடைகிற வயதுப் பசங்க பாடு சொல்லவே வேண்டாம்! கீபோர்டு கற்ற மாணவர்களோ கீழே உட்கார்ந்து கை தட்டுகிறார்கள். இது மாற வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு வழி 'மிடி'.

தமிழில் மிடி என்றால் வறுமை. இந்த மிடி நம் மேடையின் இசை வறுமையைத் தீர்ப்பது!

1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் என்ற அமெரிக்க கம்பெனியின் கீபோர்டையும், ஜப்பானின் ரோலண்ட் கீபோர்டையும் ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்றை வாசிக்க, மற்றதும் ஒலித்தது. போட்டி கம்பெனிகள் ஒரே மொழிக்கு ஒத்துக்கொண்டன. அதுதான் மிடி.

அந்தக் கேபிளில் சத்தம் போவதில்லை. எந்தக் கீ, எவ்வளவு அழுத்தம், எப்போது விட வேண்டும் என்ற கட்டளைதான் போகிறது. நாடகத்தில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பார்களே, அது மாதிரி. பேசுவது நடிகர்தான். ஒரே கேபிளில் 16 சேனல்கள். ஒரு கீபோர்டை 1-ஆம் சேனலுக்கும் இன்னொன்றை 2-ஆம் சேனலுக்கும் அமைத்துவிட்டால், அதனதன் பங்கை மட்டும் வாசிக்கும்.

இணைப்பதும் சுலபம். முதல் கருவியின் 'அவுட்' துளையிலிருந்து இரண்டாவதன் 'இன்' துளைக்கு. இரண்டாவதன் 'த்ரூ' துளையிலிருந்து மூன்றாவதன் 'இன்' துளைக்கு. ஒரு ஸ்வரத்துக்கான கட்டளை போய்ச்சேர ஒரு வினாடியில் ஏறக்குறைய 1000-இல் ஒரு பங்கு நேரமே ஆகும். ஒரு கேபிள் 15 மீட்டர் வரை இருக்கலாம். மேடையின் இரு ஓரத்துக்கும் போதும். ஆனால் நாலைந்து கருவிக்கு மேல் இப்படிச் சங்கிலியாகக் கோத்தால் தகவல் சிதையலாம். அதற்கு 'த்ரூ பாக்ஸ்' வேண்டும். சில புதிய கீபோர்டுகளில் யுஎஸ்பி மட்டும்தான் இருக்கும். அவற்றுக்கு நடுவில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும்.

"மெஷின் வாசித்தால் அது கச்சேரியா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நான் சொல்வது இதுதான்: எல்லாச் சேனலையும் மெஷினுக்குக் கொடுக்காதீர்கள். புல்லாங்குழல் சேனலை அணைத்துவிட்டு, அந்த இடத்தில் நம்ம மாணவர் ஒருவர் வாசிக்கட்டும். அடுத்த வருஷம் இரண்டு சேனல். அதற்கடுத்து மூன்று. பென் டிரைவ் பாட்டில் புல்லாங்குழலை மட்டும் இப்படிச் சுத்தமாக எடுக்க முடியுமா?

இன்னொரு லாபம். ஒத்திகையில் வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம், சுருதி மாறாது. பாடுபவருக்கு எட்டவில்லையா? சுருதியை ஒரு கட்டை இறக்கலாம், வேகம் மாறாது. 10-ஆம் சேனலை மட்டும் இறக்கக் கூடாது. அது தாளத்துக்கு உரியது. அதில் ஒவ்வொரு கீயும் ஒரு கருவி என்பதால், இறக்கினால் ஒரு டிரம்முக்குப் பதில் வேறொன்று ஒலிக்கும்!

குறையும் உண்டு. நாம் ஓர் அடியை விட்டுவிட்டால் மெஷின் காத்திருக்காது. ஆனால் பென் டிரைவ் மட்டும் காத்திருக்கிறதா என்ன? ஒத்திகைதான் மருந்து.

இசை அறையில் கீபோர்டுகள் உறை போட்டுத் தூங்குகின்றன. வீட்டிலிருந்து கொண்டுவரவும் சிலர் தயார். இந்த ஆண்டு விழாவில் ஒரே ஒரு பாட்டுக்கு அனுமதி தாருங்கள் என்று ஆசிரியர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கை தட்டுகிற கைகள் கொஞ்சம் வாசிக்கட்டும்!

– 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்