சிறுமீனே போதும்



ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மூங்கில் கோலும் கையுமாக விடுதியை விட்டுக் கிளம்புகிறேன். "எங்கே?" என்று கேட்கிறார்கள். "மீன் பிடிக்க" என்கிறேன். ஒரு சிரிப்பு எழுகிறது. மாலையில் திரும்பி வந்ததும் பையை வாங்கிப் பார்க்கிறார்கள். உள்ளே உள்ளங்கை அகலத்தில் நான்கு மீன்கள். முன்னதைவிடப் பெரிய சிரிப்பு எழுகிறது. "இந்த நான்குக்காகவா ஒரு நாளைப் பாழாக்கினாய்? பூனைக்கு என்று சொன்னால் மீன்கடையில் சும்மாவே தருவார்களே!" என்கிறான் அறைத்தோழன். அன்று அவனுக்கு நான் விடை சொல்லவில்லை, மீனைக் கழுவிக்கொண்டிருந்தேன். இன்று சொல்கிறேன்.

மீன்பிடி இன்பங்களுள் தலையாயது சிறுமீன் பிடிப்பதே என்பது என் கட்சி. பெருமீன் பிடிப்பவரை நான் பழிக்கவில்லை. ஆனால், 'இந்த நீர் தருவது எனக்குப் போதாது' என்ற எண்ணம் ஒன்று உண்டு. அது ஆறுகளையும் ஏரிகளையும் கெடுத்திருக்கிறது. இன்பத்தை முதலில் சொல்கிறேன். கேட்டைப் பிறகு சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

முசிறியில், காவிரியிலிருந்து பிரிந்து வரும் ஒரு வாய்க்காலின் மதகடியில் என் தாத்தா எனக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்தார். அப்போது எனக்கு வயது 7. ஒரு மூங்கில் குச்சி, இரண்டு பாகம் தங்கூசி, ஒரு சிறு முள், மயிலிறகின் தண்டில் நறுக்கிய மிதப்பு, வாழையடியில் தோண்டிய மண்புழு. மூலதனம் அவ்வளவே. முதலில் அகப்பட்டது ஒரு கெண்டை. விரல் நீளம்கூட இல்லை. ஆனால் மிதப்பு இருமுறை துடித்து, மூன்றாம் முறை சட்டென்று நீருக்குள் இறங்கியபோது என் நெஞ்சும் அதனோடு இறங்கியது. 16 ஆண்டுகள் கழிந்தன. இன்றும் மிதப்பு இறங்கும்போது நெஞ்சும் இறங்குகிறது.

பெருமீனுக்குக் காத்திருப்பவனுக்கு ஆண்டில் இரண்டு நாள் திருவிழா. மற்ற நாளெல்லாம் நோன்பு. சிறுமீன் பிடிப்பவனுக்கோ அரைமணிக்கு ஒருமுறை திருவிழா. அது மட்டுமன்று. சிறுமீன் நமக்குப் பாடம் சொல்கிறது. கெண்டை கொத்திக் கொத்திப் பார்க்கும். கெளுத்தி இரையை விழுங்கிக்கொண்டு அடியில் இழுத்துப் போகும். ஜிலேபிக் கெண்டை மிதப்பைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு ஓடும். ஆரல் புழுவை மட்டும் தின்றுவிட்டு முள்ளை நமக்கே விட்டுவைக்கும். பழகியவன் மீனைக் காணுமுன்பே பெயரைச் சொல்லிவிடுவான். ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின்முன் குனிந்திருக்கும் எனக்கு, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரை ஒரு நூலிழையின் வழியே அறிந்துகொள்வது தனி இன்பமாக இருக்கிறது.

இவ்வூருக்கு வந்த புதிதில் எனக்கு மராத்தி தெரியாது, இந்தியும் அரைகுறை. வகுப்பு முடிந்தால் அறை. அறையை விட்டால் வகுப்பு. ஒரு ஞாயிறு, சுவார்கேட்டில் பேருந்து ஏறி, பான்ஷெட் போகும் சாலையில், கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தின் ஓரமாக இறங்கினேன். கரையில் ஒரு பெரியவர் கோலுடன் உட்கார்ந்திருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று சைகையால் கேட்டேன். "கள்" என்றார். விடிந்தும் விடியாத வேளையில் கள்ளா என்று திகைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே தூண்டில் முள்ளைத் தூக்கிக் காட்டினார். மராத்தியில் தூண்டிலுக்குக் 'கள்' என்று பெயர்! அன்று முதல் அவர் எனக்குக் காகா. நான் அவருக்குப் பாளா, அதாவது பிள்ளை. விடுதியில் மிஞ்சிய சப்பாத்தி மாவை நான் இரையாகக் கொண்டுபோவேன். அவர் இடம் காட்டுவார். நான்கைந்து மீன் சேர்ந்ததும், "புரே" என்று சொல்லிக் கோலைச் சுருட்டிவிடுவார். 'புரே' என்றால் 'போதும்'. மராத்தியில் நான் செம்மையாகக் கற்ற முதற்சொல் அதுதான்.

இந்த இன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் நீலச்செவுள் மீன் என்று சொல்லத்தக்க 'புளூகில்' என்னும் மீன் உண்டு. உள்ளங்கை அளவுதான். வாணலிக்குள் முழுதாக அடங்கும் மீன் என்பதால் இவ்வகையை 'வாணலி மீன்' என்றே அந்நாட்டார் அழைக்கின்றனர். அங்கே எத்தனையோ சிறுவர் பிடிக்கும் முதல் மீன் அதுவே. ஆண்மீன் வாலால் மணலைத் துழாவிக் குழி பறித்து, முட்டைகளுக்குக் காவல் நிற்கும். இல்லினாய் மாநிலம் 1986இல் இந்தச் சிறுமீனையே தன் மாநில மீனாக ஏற்றுக்கொண்டது. எளியதை மதிக்கத் தெரிந்தவர்கள்!

"ஓடுகிற மீனை விட்டுவிட்டுத் தக்க மீன் வரும்வரை காத்திருக்கும் கொக்கைப் பார் என்று ஔவையார் பாடியிருக்கிறாரே" என்று ஒரு நண்பர் மடக்கினார். மெய்தான். ஆனால் ஔவை சொன்னது அடக்கமாயிருப்பவனை எளியவன் என்று எண்ணிவிடாதே என்பதற்காக, தூண்டிற்காரனுக்காக அன்று. மேலும், கொக்கு தன் நீருக்குள் வரும் மீனுக்குத்தான் காத்திருக்கிறது. வேறொரு நாட்டிலிருந்து பெரிய மீனைக் கொண்டுவந்து குளத்தில் விடுவதில்லை. அதை மனிதன்தான் செய்தான்.

மூன்று கதைகள் சொல்கிறேன்.

முதற்கதை இந்தப் புனேயில் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையதிகாரியாயிருந்த வில்லியம் ஹென்றி சைக்ஸ் என்பவர் தக்காணத்து மீன்களை ஆராய்ந்து 1839இல் எழுதினார். சாண் நீளம்கூட வளராத வெள்ளிநிறச் சிறுமீன் ஒன்றும் அவரிடம் பெயர் பெற்றது. புனேக்குக் கிழக்கே முளா-முட்டா ஆற்றில் கிடைத்த பெரிய மீன் ஒன்றும் பெயர் பெற்றது. 'குத்ரீ' என்ற அந்தப் பெருமீன் மகசீர் இனத்தைச் சேர்ந்தது. மகசீர் என்றால் தூண்டில் வீரர்களுக்கு உயிர். ஆறுகளில் அது அருகி வந்தபோது, 1970களில் லோனாவாலாவில் டாட்டா மின் நிறுவனத்தார் அதன் குஞ்சுகளைப் பொரிக்கச் செய்து வளர்த்தனர். நோக்கம் நல்லதே. ஆனால் அந்தக் குஞ்சுகள் காவிரிக்கும் கொண்டுபோய் விடப்பட்டன. காவிரிக்கென்றே ஒரு மகசீர் உண்டு. முதுகில் திமிலும் செம்மஞ்சள் துடுப்பும் உடையது. உலகின் மிகப் பெரிய மகசீர்களுள் ஒன்று. விருந்தாளி பெருகப் பெருக வீட்டுக்காரன் மறைந்தான். அணைகளும், மணல் அள்ளலும், வெடி வைத்து மீன் பிடித்தலும் அந்த அழிவுக்குக் காரணங்களே. ஆயினும் புது மீனை விட்டதும் பெருங்காரணம் என்று ஆய்வாளர் கூறுகின்றனர். அதன் சரியான அறிவியற்பெயர் தெளிவானதே 2018இல்தான். அதற்குள் அது அற்றுப்போகும் விளிம்பில் நின்றது.

காவிரிக்கரைப் பையன் நான் புனேக்கு வந்தேன். புனே மீன் என் காவிரிக்குப் போனது. இதை முதன்முதலில் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இரண்டாம் கதை ஜப்பானில் நடந்தது. 1960இல் அமெரிக்கா சென்ற பட்டத்து இளவரசர் அகிஹிதோவுக்குச் சிகாகோ நகரத் தலைவர் சில புளூகில் மீன்களைப் பரிசளித்தார். இளவரசர் மீனியல் கற்றவர். உணவுக்கு வளர்க்கலாம் என்ற எண்ணத்தில் அவற்றை அரசின் மீன்வள ஆய்வு நிலையத்துக்குக் கொடுத்தார். பிற்காலத்தில் அவை ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவாவில் பெருகி, அவ்வேரிக்கே உரிய மீன்களைக் குறைத்தன. 2007இல், பேரரசராக அந்த ஏரிக்கரையில் பேசியபோது, தாம் கொண்டுவந்த மீனால் நேர்ந்ததை எண்ணி மனம் வருந்துவதாக அவர் வெளிப்படையாகச் சொன்னார். பிறந்த நீரில் சிறுவர்களின் இன்பமாயிருந்த மீன், கொண்டுபோய் விட்ட நீரில் துன்பமாயிற்று.

மூன்றாம் கதை என் பையில் இருந்த நான்கு மீன்களின் கதை. திலாப்பியா என்ற ஆப்பிரிக்க மீன் 1952இல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. மலிவான உணவு வேண்டும் என்பதே நோக்கம். முட்டைகளைத் தாய்மீன் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். ஆகவே குஞ்சுகள் பிழைத்துவிடும். சில மாதங்களிலேயே முதிர்ந்து மீண்டும் முட்டையிடும். அழுக்கு நீரையும் தாங்கும். நாம் அதை ஜிலேபி ஆக்கினோம்; மராத்தியர் சிலாபி ஆக்கினர். இன்று புனே வட்டாரத்தில் பல இடங்களில் தூண்டிலில் ஏறுவது பெரும்பாலும் சிலாபியே. காகா தம் இளமையில் பிடித்த மீன்களின் பெயர்களை விரல்விட்டு எண்ணுவார். பாதிப் பெயருக்குரிய மீனை நான் கண்ணால் கண்டதில்லை. சாக்கடை ஆற்றை நோக்கி வந்தது. ஓடு நீர் தேங்கு நீராயிற்று. தாங்க முடிந்தது தங்கியது, மற்றவை போயின.

இங்கே எனக்கு ஒரு சங்கடம் உண்டு. ஒருமுறை வாடகைக்கு அறை தேடியபோது, "நீங்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள்" என்று முகத்துக்கு நேரே கேட்டவன் நான். அப்படியிருக்க, வெளியிலிருந்து வந்த மீனை நானே பழிக்கலாமா? நெடுநாள் எண்ணிப் பார்த்தேன். மீனைப் பழிக்கவில்லை. அது தானாக வரவில்லை. அதற்கு ஆசையும் இல்லை. வந்த இடத்தின் மொழியைக் கற்று, பிறர் பங்கை விட்டுவைத்து வாழ மனிதனால் முடியும், மீனால் முடியாது. ஆகவே அறியாத நீரில் அதைக் கொண்டுபோய் விட்ட கையே பொறுப்பு ஏற்க வேண்டும். 'போதாது' என்ற எண்ணந்தான் அந்தக் கையை இயக்கியது.

இனி, கொல்வது தகுமா என்ற கேள்வி. வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். புலால் உண்ணாத நண்பரோடு எனக்கு வழக்கில்லை. அவர் என்னைவிட உயர்ந்தவராகவே இருக்கட்டும். ஆனால் உணவு விடுதியில் மீன்குழம்புக்கு மறுசோறு கேட்கும் நண்பர், ஒருமுறையேனும் தம் கையால் ஒரு மீனைப் பிடித்து, அதன் துடிப்பு அடங்குவதைக் காணவேண்டும். கண்டவன் தட்டில் மீதி வைக்கமாட்டான்.

வர விரும்புவோர்க்குச் சில சொற்கள். நகருக்குள், முளாவும் முட்டாவும் கூடும் சங்கமத்தருகே பிடித்த மீனை உண்ணாதீர்கள். அங்கே கழிவுநீர் கலந்திருக்கிறது. அணைநீரில் மீன்பிடி உரிமை கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குத்தகைக்கு விடப்படுவதுண்டு. கேட்டுக்கொண்டு கோலை நீட்டுங்கள். மழைக்காலத்தில் சினைமீனைப் பிடிக்காதீர்கள். இந்த நீருக்கே உரிய சிறுமீன் அகப்பட்டால், ஈரக்கையால் முள்ளைக் கழற்றி மீண்டும் விட்டுவிடுங்கள். சிலாபியை விடாதீர்கள், குழம்பு வையுங்கள். எந்த மீனையும், அது எவ்வளவு அழகாயினும், ஒரு நீரிலிருந்து எடுத்து வேறொரு நீரில் விடாதீர்கள். தொட்டியில் வளர்த்த மீனுக்கும் இது பொருந்தும். பாறை வழுக்கும், நீச்சல் தெரியாதவர் தனியே போகவேண்டா.

அறைத்தோழனே, இதுதான் என் விடை. அந்த நான்கு மீனுக்காக நான் ஒரு நாளைப் பாழாக்கவில்லை. ஒரு நாள் முழுவதும் ஓர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பவன் ஒருவன் கரையில் இருந்தால்தான் ஆற்றில் எந்த மீன் குறைகிறது என்று ஊருக்குத் தெரியும். கோப்பை வெல்லும் பெருமீனைத் தேடுகிறவன் ஒரு நீர் கெட்டால் வேறு நீருக்குப் போய்விடுவான். விரலளவு கெண்டையே போதும் என்று இருப்பவனுக்குத் தன் ஊர் வாய்க்கால் வேண்டும். அது நல்ல நீராக வேண்டும்.

அடுத்த ஞாயிறு காலை 6 மணிக்கு விடுதி வாயிலில் நிற்பேன். கோல் இரண்டு இருக்கிறது. சப்பாத்தி மாவுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் வா.