மந்தைவெளி அத்தை வீட்டு ஜீப்

மந்தைவெளியில் என் அத்தை வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில், தார்ப்பாய் போர்த்திய ஜீப் ஒன்று இருபது வருஷமாக நிற்கிறது. 'ஜீப் வீட்டுக்கு அடுத்த வீடு' என்றால் கூரியர் பையனுக்குக்கூடத் தெரியும்.

போன மாதம் அத்தை மகன் போன் செய்தான். யாரோ வண்டியை விலைக்குக் கேட்கிறாராம். "ஆனா அவருக்கு ஒண்ணு தெரியணுமாம். இது சண்டைக்கால ஜீப்பா, இல்ல பின்னாடி வந்த மஹிந்திராவா? மஹிந்திரான்னா பாதி விலைகூடக் கிடையாதாம்."

அத்தைக்கு இதில் சந்தேகமே இல்லை. "சண்டை முடிஞ்சதும் எங்க ஐயன் மெட்ராஸ்ல டிஸ்போசல்ல எடுத்த வண்டி கண்ணு அது. ரயில்ல ஏத்திப் பொள்ளாச்சிக்குக் கொண்டுவந்தாரு" என்றார். ஐயன் என்றால் அப்பா. எனக்குத் தாத்தா, எங்கள் ஊர்ப் பேச்சில் அப்பாரு. அத்தை இதைச் சொல்லும்போதெல்லாம் என் அப்பாவும் சித்தப்பாக்களும் சிரிப்பார்கள். "பாப்பாத்தி கதை விடுறா" என்பார்கள். அவர்கள் யாரும் இப்போது இல்லை. அத்தைக்கு எண்பது ஆகிறது.

பழைய வண்டி என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை டார்ச்சும் டேப்பும் எடுத்துக்கொண்டு போனேன்.

தார்ப்பாயை விலக்கியதும் அத்தை மகன் காட்டியது ஸ்டீயரிங்கை. இடது பக்கம் இருந்தது. "அமெரிக்க வண்டிங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்றான். நிறையப் பேர் ஏமாறும் இடம் இதுதான். சண்டைக்கால ஜீப்புக்கு இடது ஸ்டீயரிங் என்பது உண்மை. ஆனால் இங்கே மஹிந்திரா செய்த ஜீப்புகளும் ரொம்ப காலம் இடது ஸ்டீயரிங்கோடுதான் வந்தன. பின்பக்கம் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று எழுதிக்கொண்டு போன அரசாங்க ஜீப்புகளை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பார்க்க வேண்டியது முகத்தை. சண்டைக்கால ஜீப்பின் முன் கிரில்லில் ஒன்பது துளை இருக்கும். போர் முடிந்து பொதுமக்களுக்கென்று வில்லிஸ் கம்பெனி செய்த ஜீப்பில் ஏழு. எண்ணிப் பார்த்தோம். ஏழு. போதாததற்கு பானெட் வேறு உயரமாக, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அது சி.ஜே. 3பி என்ற மாடலின் அடையாளம். 1953-ல் அமெரிக்காவில் வந்த அந்த மாடலுக்கு எஞ்சின் உயரம் கூடிவிட்டது. அது அடங்குவதற்காக பானெட்டையே தூக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 1968-ல் அதை நிறுத்திய பிறகும் இந்தியாவில் மஹிந்திரா அந்த வடிவத்தை விடவில்லை.

இந்த ஏழு துளை முகம் பின்னாளில் கோர்ட்டு வழக்கு மாதிரி ஆனது. மஹிந்திரா அமெரிக்காவில் விற்ற ராக்ஸர் என்ற வண்டி எங்கள் ஜீப்பின் ஜாடையில் இருக்கிறது என்று, ஜீப் பெயரைக் கையில் வைத்திருந்த ஃபியட் கிறைஸ்லர் 2018-ல் அங்குள்ள வர்த்தக ஆணையத்துக்குப் போனது. 2020-ல் தீர்ப்பு மஹிந்திராவுக்கு எதிராக வந்தது. முகத்தை மாற்றிக்கொண்டுதான் ராக்ஸர் தொடர முடிந்தது. முகஜாடைக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

எங்கள் வண்டிக்கு மஹிந்திரா முகம். அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அத்தை மகன் விலையை நினைத்துச் சோர்ந்து போயிருந்தான். புதுப்பேட்டையிலிருந்து அவன் வரவழைத்திருந்த வயதான மேஸ்திரி மட்டும், "முகத்தை எப்ப வேணா மாத்தலாம் சார். அடியில பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, சாக்கு விரித்து வண்டிக்குக் கீழே போனார்.

அவர் என்ன தேடினார் என்று புரிய, கொஞ்சம் பழைய கதை வேண்டும். 1940-ல் அமெரிக்க ராணுவம் சின்ன வண்டி ஒன்று வேண்டும் என்று 135 கம்பெனிகளைக் கேட்டது. அமெரிக்கன் பான்டம் என்ற சிறிய கம்பெனி 49 நாளில் மாதிரி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஆனால் ராணுவத்துக்குத் தேவையான எண்ணிக்கையை அதனால் செய்து தர முடியாது. வேலை பெரிய ஆட்களுக்குப் போனது. வில்லிஸின் வடிவம் தேர்வாகி, அதே வடிவத்தில் ஃபோர்டும் செய்து கொடுத்தது. வில்லிஸ் செய்தது எம்.பி.; ஃபோர்டு செய்தது ஜி.பி.டபிள்யூ. 1945 வரை இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல். பாவம் பான்டம்.

இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல, சேஸிஸின் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த தொட்டி மாதிரி பட்டையாக இருந்தால் ஃபோர்டு. அதோடு ஃபோர்டு தன் போல்ட்டின் தலையில்கூட 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்து வைத்தது. வில்லிஸ் செய்த பாகம் கெட்டுப்போய்ப் பழி தன்மேல் விழக் கூடாது என்பதற்காக என்று சொல்வார்கள்.

"சார், பட்டைச் சட்டம்" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கத் துடைக்க, போல்ட்டுகளில் இரண்டில் அந்த எஃப் தெரிந்தது. ஃபோர்டு வண்டிக்கு நம்பர் இடது சேஸிஸ் சட்டத்தின் மேல்பக்கம் இருக்கும். அங்கே நாலைந்து அடுக்கு பெயின்ட். மேஸ்திரி அவசரப்படாமல் சுரண்டினார். ஜி.பி.டபிள்யூ. என்ற மூன்று எழுத்து, பின்னால் ஆறு இலக்கம். அத்தை மகன் உள்ளே ஓடிப்போய் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துவந்தான். சேஸிஸ் நம்பர் என்ற இடத்தில் அதே ஆறு இலக்கம். எழுத்தை மட்டும் விட்டுவிட்டு எழுதியிருக்கிறார்கள். பதில் இத்தனை வருஷமும் பீரோவுக்குள்தான் இருந்திருக்கிறது.

ஆக, எலும்பு ஃபோர்டு. சதை பிறகு சேர்ந்தது. பழைய பாடி துருப்பிடித்த பிறகு மஹிந்திரா பாடி ஏறியிருக்கிறது. எண்பதுகளில் பெட்ரோலுக்குக் கட்டுப்படியாகாமல் மாட்டடார் டீசல் எஞ்சின் வந்திருக்கிறது. எஞ்சின் மாற்றியது ஆர்.சி.யிலும் ஏறியிருக்கிறது. நம் ஊரில் இந்தக் கல்யாணம் சகஜம். டீசல் எஞ்சினின் உயரத்துக்கு அந்தத் தூக்கிய பானெட் தோதாகவும் இருந்திருக்கும்.

புரியாதது ஒன்றே ஒன்று. வண்டியின் பின்னால், டிராக்டரில் இருப்பது மாதிரி, ஒரு இரும்புப் புல்லி. ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸில் பின்பக்கம் தகடு போட்டு மூடிய ஒரு வாய் உண்டு. அதைத் திறந்தால் எஞ்சினின் சுழற்சியை வெளியே எடுக்கலாம். வில்லிஸே பின்னாளில் தன் ஜீப்பை விவசாயிகளுக்கு இதைக் காட்டித்தான் விற்றது. ஆனால் எங்கள் வண்டியில் இருந்தது கம்பெனிச் சாமான் இல்லை. வெல்டிங்கைப் பார்த்தாலே உள்ளூர்ப் பட்டறை வேலை என்று தெரிகிறது.

வாங்க வந்தவர் இதைத்தான் முதலில் கழற்றிப் போட வேண்டும் என்றாராம். அவர் சொல்வதிலும் காரணம் இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டியை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. எங்கள் ஜீப் இதில் சேராது. சேர்க்க வேண்டுமென்றால் எண்பதாண்டு வாழ்க்கையைக் கழற்றி வைத்துவிட்டு, 1940-களின் வேஷத்தைப் போட வேண்டும். அப்படிச் செய்து நிறுத்தும் வண்டிகள் பளபளவென்று இருக்கும். எனக்கும் ரசிக்கப் பிடிக்கும். ஆனாலும் எதையாவது கழற்றுமுன் அது ஏன் வந்தது என்று கேட்டுவிடுவது என் வழக்கம்.

அத்தையைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கூட்டிவந்து எஃப் எழுத்தைக் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "நான் சொன்னப்ப சிரிச்சீங்கல்ல" என்றார், என்னிடம் இல்லை. பிறகு பின்பக்கம் போய்ப் புல்லியைத் தொட்டார்.

"கரண்டு வராத கோடையில இதுல பெல்ட்டு மாட்டிக் கெணத்துப் பம்ப ஓட்டுவாரு எங்கையன். வண்டி நின்ன எடத்துலயே ஓடும். என்னைச் சீட்டுல ஒக்கார வெச்சு, 'முள்ளு செவப்புக்குப் போனா கத்து சாமி'ன்னுட்டு வாய்க்காலுக்குப் போயிருவாரு. தம்பிகளுக்கு அப்ப நடக்கவே தெரியாது. அவங்களுக்கென்ன தெரியும்?"

அத்தை மகன் என்னைப் பார்த்தான். வாங்க வந்தவருக்கு அன்று சாயங்காலமே போன் செய்து, கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லிவிட்டானாம். மேஸ்திரி பாட்டரியும் டீசல் பைப்பும் மாற்ற ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு இன்னும் தெரிய வேண்டியது அந்தப் புல்லியைச் செய்த பட்டறை எது என்பதுதான். பொள்ளாச்சி, உடுமலை பக்கத்து வாசகர்கள் யார் வீட்டு ஆல்பத்திலாவது, பின்னால் பெல்ட் மாட்டிய ஜீப் கிணற்றோரம் நிற்கும் போட்டோ இருந்தால் எழுதுங்கள். அத்தைக்குக் காட்ட வேண்டும்.