தேய்வதற்கென்றே ஓர் உறை

மோட்டார் சைக்கிளின் உறுப்புகளில் நம் உடல் மிக அதிகமாகத் தொடுவதும், நம் கண் மிகக் குறைவாகக் கவனிப்பதும் அதன் இருக்கைதான். எஞ்சினின் ஓசையில் சிறு மாற்றம் தெரிந்தாலே மெக்கானிக்கிடம் ஓடுகிறவர்கள், இருக்கை உறையில் விரல் நீளத்துக்கு விரிசல் கண்டும் இரண்டு மழைக்காலங்களைக் கடத்திவிடுகிறார்கள். கிழிந்த உறை வெறும் அழகுக் குறைவு என்ற எண்ணமே அதற்குக் காரணம். பிறகு ஒருநாள் பொறுமை எல்லை கடந்ததும், முழு இருக்கையையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது வாங்குகிறார்கள். முதலில் அலட்சியம், பின்னர் அவசரம். இரண்டுமே தவறு என்பதும், உறையை மட்டும் உரிய காலத்தில் மாற்றித் தைப்பதே அறிவுடைய வழி என்பதும் என் கருத்து.

இலக்கியம் பயில்வோர் நடுவே சீட் கவருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். புகார் நகரின் வீதிகளைச் சொல்லவந்த இளங்கோவடிகள், இந்திரவிழவூரெடுத்த காதையில் துணி தைப்போரையும் தோல் தைப்போரையும் தனித்தனியே சுட்டிச் செல்கிறார். காப்பியத்துக்கு ஏற்ற பொருள் நம் உரையாடலுக்கு ஏலாததாகிவிடாது. இன்று ‘குஷன் ஒர்க்ஸ்’ என்ற பலகையின்கீழ் ரெக்சின் தைப்பவர் அவ்விரு தொழில்களுக்கும் நடுவே நிற்பவர். அவர் கையாளுவது முழுத் துணியும் அன்று, தோலும் அன்று. துணியின்மேல் பூச்சு ஏற்றிய செயற்கைத் தோல்.

ரெக்சின் என்பது முதலில் இங்கிலாந்தில் ஒரு வணிகப் பெயராக இருந்தது. நம் நாட்டில் செயற்கைத் தோல் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. இப்போது இருக்கைகளுக்குப் பயன்படுவது பெரும்பாலும் பி.வி.சி. பூச்சு ஏற்றியது. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, அதை வளையச் செய்வதற்காக நெகிழ்வூட்டும் பொருள்களைக் கலக்கிறார்கள். வெயிலிலும் வெப்பத்திலும் அப்பொருள்கள் மெல்ல வெளியேறிவிட, உறை விறைத்து, மடிப்புகளிலும் தையலோரங்களிலும் முதலில் வெடிக்கிறது. நாள்முழுதும் திறந்தவெளியில் நிற்கும் வண்டியின் உறை, ஓட்டுகிறவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் கிழியத்தான் செய்யும்.

இருக்கை என்பது மூன்று அடுக்குகளின் கூட்டு. அடியில் தளம்: பழைய வண்டிகளில் இரும்புத் தகடு, இக்கால வண்டிகளில் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதன்மேல் பாலியூரித்தேன் ஃபோம். எல்லாவற்றுக்கும் மேலே உறை. இம்மூன்றில் உறை ஒன்றுதான் வெயிலையும் மழையையும் உராய்வையும் நேரே ஏற்கிறது. தான் தேய்ந்து மற்ற இரண்டையும் காப்பதே அதன் தொழில். அதனால்தான் அது ஒட்டப்படாமல், பிளாஸ்டிக் தளமாயின் ஸ்டேப்ளர் பின்களாலும், பழைய இரும்புத் தளமாயின் தகட்டின் விளிம்பில் உள்ள பற்களாலும் பிடித்து நிறுத்தப்பட்டிருக்கிறது. கழற்ற முடியும்படி அமைத்த ஒன்றை, கழற்றாமலே மொத்தத்தையும் எறிந்துவிடுவது அந்த அமைப்பின் பொருளையே மறுப்பதாகும்.

கிழிந்த உறையைக் கவனியாது விட்டால் நேர்வது என்ன? மழைநீர் விரிசல் வழியே இறங்குகிறது. ஃபோம் அதைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. மேலே உலர்ந்தாற்போல் தோன்றும்; உட்கார்ந்தவுடன் ஆடை நனையும். உறை மூடியிருப்பதால் ஈரம் எளிதில் ஆவியாவதில்லை. ஃபோம் நாற்றமெடுத்து, நாளடைவில் உதிர்கிறது. இரும்புத் தளமானால் துருவும் சேர்கிறது. சில நூறு ரூபாயில் முடியவேண்டிய வேலை ஆயிரங்களுக்குப் போவது இப்படித்தான். பாலியூரித்தேன் ஃபோம் உருக்கி மறுபடி வார்க்கக்கூடிய பொருளும் அன்று. குப்பைமேட்டில் வெகுகாலம் கிடக்கும். வீட்டுச் செலவுக்கு அப்பாலும் இதில் ஒரு கணக்கு உண்டு.

இடைவழி ஒன்றைப் பலர் நாடுகிறார்கள். “அண்ணே, பழசைக் கழற்ற வேண்டாம், மேலேயே ஒண்ணு மாட்டிக் கொடுங்க” என்பது கடைகளில் அடிக்கடி கேட்கும் குரல். கிழிந்ததன்மேல் எலாஸ்டிக் வைத்த உறையை இழுத்து மாட்டுவது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது. இரண்டு உறைகளுக்கு இடையே நீர் தங்கும். பிரேக் பிடிக்கையில் மேலுறை நகர்ந்து, பின்னால் அமர்ந்திருப்பவரை முன்னே தள்ளும்.

முறையான வேலை வேறு. இருக்கையைக் கழற்றிக் கவிழ்த்து, பின்களை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய உறையைக் கிழிக்காமல் உரிக்கவேண்டும். தையல்களைப் பிரித்தால் அதுவே புதிய உறைக்கு வெட்டு அளவு. ஃபோம் ஈரமாயிருந்தால் நிழலில் நன்றாகக் காயவைக்கவேண்டும். வேலையில் பெரும்பாலும் தவிர்க்கப்படுவது இந்தப் படிதான். காத்திருக்க வாடிக்கையாளருக்குப் பொறுமை இல்லை. தையல் துளைகளின் வழியே நீர் இறங்கும் என்பதால், உறைக்கும் ஃபோமுக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரிப்பது நன்று. பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும். நைலான் அல்லது பாலியெஸ்டர் நூலே வேண்டும். தைத்த உறையைச் சிறிது வெயிலில் காட்டினால் இளகும். பிறகு முன்னும் பின்னும் முதலில் இழுத்துப் பிடித்து, பக்கங்களைச் சமமாக இழுத்துப் பின் அடிக்கவேண்டும். துருப்பிடிக்காத பின்களைக் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. இருக்கையின் குறுக்கே பட்டை இருந்த வண்டியாயின், அதைத் திரும்பப் பொருத்தியிருக்கிறார்களா என்றும் பார்க்கவேண்டும். பின்னால் அமர்பவருக்கு அது ஒரு பிடிமானம்.

தெருவோரத் தையலில் தரம் நிச்சயமில்லை, தொழிற்சாலையில் வரும் இருக்கையின் வடிவநேர்த்தி இதில் வாராது என்று சொல்வோர் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. மலிவான மெல்லிய ரெக்சினை வைத்து, அரைமணி நேரத்தில் முடித்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஃபோம் உதிர்ந்து குழியாகிவிட்டாலோ, தளத்தில் வெடிப்பு விழுந்தாலோ, இருக்கையைப் பிடிக்கும் கொக்கி உடைந்தாலோ முழுவதையும் மாற்றுவதே சரி. ஆனால் தளமும் ஃபோமும் உறுதியாக இருக்கையில் உறைக்காக மூன்றையும் மாற்றச் சொல்வது வணிகமே தவிர, அறிவுரை அன்று. உறை மட்டும் வேண்டும் என்று கேட்கிறவரிடம் முழு இருக்கையின் விலையைச் சொல்லும் விற்பனை மேசைகளைப் பலரும் கண்டிருப்பர்.

இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகளுள் வாகனங்களும் அடங்கும். அவ்வாண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. வரவேற்க வேண்டியதே. ஆயினும் பழுதுபார்க்கும் உரிமை என்பது உதிரிப்பாகமும் கையேடும் கிடைப்பதோடு முடிவதில்லை. பழுதுபார்க்கத் தெரிந்த கை ஒன்று அருகில் இருக்கவேண்டும். சென்னையின் புதுப்பேட்டையைப் போன்ற இடங்களில் பழைய வண்டிகளுக்கு மறுவாழ்வு கிடைப்பது அத்தகைய கைகளால்தான். அக்கைகள் எந்தப் பாடத்திட்டத்திலும் பயிலவில்லை. வளைந்த ஒரு பரப்பைத் தட்டையான துண்டுகளாகப் பிரித்து, மறுபடி வளைவாகத் தைக்கும் கணிதத்தை அவர்கள் பார்த்தும் செய்தும் கற்றவர்கள். நாம் முழு இருக்கையையே வாங்கப் பழகிவிட்டால், அடுத்த தலைமுறையில் அந்தக் கணிதம் தெரிந்தவர் நம் தெருவில் இருக்கமாட்டார். பிறகு எந்தச் சட்டமும் அவரைக் கொண்டுவந்து உட்காரவைக்க இயலாது.

ஆகவே நாம் செய்யக்கூடியவை இரண்டு. விரிசல் தெரிந்த உடனே, மழைக்கு முன்பாக, உறையை மாற்றுவது ஒன்று. நல்ல ரெக்சினுக்கும் நல்ல தையலுக்கும் உரிய கூலியைக் கொடுத்து, ஃபோம் காய்வதற்கு இரண்டு நாள் பொறுத்திருப்பது மற்றொன்று. பேரம் பேசிக் குறைக்கும் ஐம்பது ரூபாய் நூலின் தரத்திலோ பின்களின் எண்ணிக்கையிலோதான் குறையும். புதிதாக வாங்கியதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் நாம், செம்மையாகத் தைத்து மாற்றியதையும் அதே பெருமையோடு சொல்லிக்கொள்ளப் பழகவேண்டும்.