தண்ணீரைக் கொளுத்தும் மோர்பி

மோர்பி டைல்ஸ் முதலாளிகள் கடன் கேட்டு வந்தால் ஒரே புலம்பல்: எரிபொருள் விலை! சரி சேட், களிமண் கூழில் எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

நான் படித்தது பி.காம்தான். ஆனால் கணக்கு வரும். கூழில் 40 சதவீதம் தண்ணீர் இருந்தால், ஒரு டன் காய்ந்த மண்ணோடு 667 கிலோ தண்ணீர். 34 சதவீதம் என்றால் 515. மிச்சம் 152 கிலோவை ஸ்ப்ரே டிரையரில் காசு கொடுத்துக் கொளுத்துகிறீர்கள்!

சோடியம் சிலிக்கேட்டோ எஸ்.டி.பி.பி.யோ அரை சதவீதத்துக்குள் போதும். மண் துகள்கள் ஒட்டாமல் விலகும், குறைந்த தண்ணீரிலேயே கூழ் ஓடும். செலவைக் குறைக்கிறேன் என்று முதலில் கைவைப்பது இதில்தான். இல்லையென்றால் கண்ணளவில் அள்ளிக் கொட்டுவது. அளவு மீறினால் கூழ் மறுபடி கெட்டியாகும்.

தராசு வாங்குங்கள் ஐயா. அப்புறம் கடன் கேட்கலாம்.