ஆலைக்கும் தெரியட்டும் கடைக்கணக்கு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பேராசிரியர் ஜே பாரஸ்டரின் குழுவினர் 1960-ஆம் ஆண்டை ஒட்டி உருவாக்கிய ‘பீர் விளையாட்டு’ ஒன்றை, நிர்வாகக் கல்வி பயில்வோர் இன்றும் ஆடி வருகின்றனர். சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலைக்காரர் என நால்வர் வரிசையாக அமர்கிறார்கள். ஒருவரோடொருவர் பேசலாகாது, வேண்டிய பெட்டிகளின் எண்ணிக்கையைச் சீட்டில் எழுதி நகர்த்துவதொன்றே அவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட பாஷை. சீட்டு மேலே போய்ச் சேரவும் சரக்கு கீழே வந்து சேரவும் வாரங்கள் கழிகின்றன.

வாரம் 4 பெட்டி வாங்கிவந்த வாடிக்கையாளர், ஐந்தாம் வாரம் முதல் 8 பெட்டி கேட்கிறார். அதன்பின் கடைசிவரை அதே 8 தான். கேட்ட சரக்கு வரக் காணோமே என்ற கலக்கத்தில் கடைக்காரர் கூட்டி எழுத, அதைக் கண்டு மொத்த வியாபாரி மேலும் கூட்டி எழுத, அந்தச் சிறு மாறுதல் ஆலையை அடைவதற்குள் பன்மடங்காகப் பெருகி, பின்னர் எல்லாம் ஒருசேர வந்திறங்கிக் கிடங்குகள் நிரம்பியதும், ஆர்டர்கள் அடியோடு நின்றுபோகின்றன. வாடிக்கையாளரின் தேவை எவ்வாறு இருந்திருக்கும் என்று வரைந்து காட்டச் சொன்னால், ஆடியவர்களில் பெரும்பாலோர் ஏறி இறங்கும் மலையொன்றை வரைகிறார்கள்!

இதை வியாபாரிகளின் பேராசை என்று பழிப்பது அநியாயம் என்பதே என் அபிப்பிராயம். தமக்குக் கீழேயிருந்து வரும் சீட்டைத் தவிர வேறெதையும் காண இயலாதவர் வேறு எதைக் கொண்டு நிதானிப்பார்? அன்றாட விற்பனைக் கணக்கு ஆலைவரைக்கும் தெரிந்தால் இந்தக் கொந்தளிப்பு பெரிதும் தணியும். ஆயினும் அறவே நீங்காது. சரக்கு வந்துசேர எத்தனை வாரமோ அத்தனை வாரத் தேவையை ஊகித்தே எவரும் ஆர்டர் தந்தாக வேண்டும். ஊகம் நீள நீளப் பிழையும் வளரும்.

ஆட்டத்தில் கண்ட இதே கொந்தளிப்பு நிஜ வணிகத்திலும் நேர்ந்ததுண்டு. கொரோனா பரவிய 2020-இல், கார் விற்பனை படுத்துவிடும் என்று அஞ்சிய கம்பெனிகள், கார்களில் பொருத்தும் மின்னணுச் சில்லுகளுக்கான ஆர்டர்களை ரத்து செய்தன. எதிர்பார்த்ததற்கு முன்பே கிராக்கி திரும்பியபோது, சில்லு ஆலைகளோ கணினிக்கும் கைபேசிக்கும் உழைத்துக்கொண்டிருந்தன. ஒரு சில்லு உருவாகவே சுமார் மூன்று மாதங்கள் பிடிக்கும். 2021-இல் உலகெங்கும் கார்த் தொழிற்சாலைகள் உற்பத்தியை நிறுத்திக் காத்துக்கிடந்தன.

விற்பனைக் கணக்கை வியாபார ரகசியமென்று பூட்டி வைத்திருக்கும் வணிகப் பெருமக்கள், தமக்குச் சரக்கு தருவோரிடமேனும் அதைத் திறந்து காட்ட முன்வர வேண்டும்.